குடும்பத்தோடு ஒரு நாள் கரையோரத் தூண்டில்: முன்பதிவு முதல் ஐஸ் பெட்டி வரை

எங்கள் முதல் பயணத்துக்குப் படகுத்துறையில் போய் நின்றது ஏழு பேர். படகில் ஏறியது ஆறு பேர். மாமனார் கரையிலேயே தங்கிவிட்டார். மடியில் உட்காரும் இரண்டு வயதுப் பையனை யார் ஓர் ஆளாக எண்ணப்போகிறார்கள் என்று நினைத்து, முன்பதிவில் ஆறு பேர் என்று எழுதியவன் நான்தான். எண்ணுகிறார்கள். நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவர் அதே பெஞ்சில், அதே செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை போய்விட்டோம். நாங்கள் கெடுத்துக்கொண்ட நாட்கள் எல்லாமே தண்ணீரில் கெட்டவை அல்ல. அதற்கு இரண்டு வாரம் முன்பு, போனில் கேட்க வேண்டியதைக் கேட்காததால் கெட்டவை. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, படகில் ஏறுவதற்கு முன்னால் நடப்பது. தூண்டிலைத் தொட்டே பார்க்காத குடும்பத்துக்காக எழுதுகிறேன். நீங்கள் எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. ராடு (தூண்டில் கோல்), ரீல் (நரம்பைச் சுற்றும் உருளை), இரை எல்லாம், படகை ஓட்டி மீன்பிடிக்க அழைத்துப்போகும் கைடே பெரும்பாலும் கொண்டுவருவார்.

1. உங்களுக்கு விற்கப்படுவது கரையோரப் பயணம்தானா?

கரையோர மீன்பிடி என்றால் கழிமுகம், விரிகுடா, அலையாத்திக் காடு, கடற்புல் திட்டு மாதிரியான இடங்கள். தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுதான் இருக்கும். கரை எப்போதும் கண்ணில் படும். அலை குறைவு என்பதால் வாந்தித் தொல்லையும் குறைவு. படகு சிறியது, அடிப்பாகம் தட்டையாக இருக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் சரி.

விளம்பரப் படத்தில் ஆள் உயர மீனைத் தோளில் சுமந்துகொண்டு நிற்பார்கள். அது ஆழ்கடல் பயணமாக இருக்கலாம். பெயரை நம்பாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: துறையிலிருந்து முதல் இடத்துக்கு எவ்வளவு நேர ஓட்டம்? அங்கே எவ்வளவு ஆழம்? கரை தெரியுமா? முதல் கேள்விக்கே "ஒன்றரை மணி நேரம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

2. ஆள் கணக்கு

கைக்குழந்தை உட்பட எல்லாரையும் எண்ணுங்கள். பல சிறிய படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகடே அடித்திருக்கும். உரிமத்திலும் வரம்பு உண்டு. அமெரிக்காவில் சிறிய வாடகைப் படகு ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் கேப்டன் உரிமத்தில், கட்டணம் கொடுக்கும் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரு ஆள் கூடினாலும் கைடின் உரிமத்துக்கே ஆபத்து. கெஞ்சிப் பயனில்லை, நான் கெஞ்சிப் பார்த்தேன்.

ஆறு பேர் ஏறலாம் என்பதற்கும் ஆறு பேர் தூண்டில் போடலாம் என்பதற்கும் நிறைய தூரம். தட்டைப் படகில் ஒரே நேரத்தில் மூன்று பேர் வீசினாலே தூண்டில் நரம்போடு நரம்பு சிக்கும். "ஒரே சமயத்தில் எத்தனை பேர் பிடிக்கலாம்?" என்று தனியாகக் கேளுங்கள். ஐந்து பேருக்கு மேல் என்றால் இரண்டு படகு எடுப்பது நல்லது. அடுத்த முறை முன்பதிவுப் படிவத்தை மாமனாரிடமே கொடுத்தேன். ஏழு பேர் என்று எழுதி, பக்கத்தில் "இரண்டு படகு" என்று போட்டு அடிக்கோடும் இட்டுக் கொடுத்தார்.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால், வீட்டில் விடுங்கள் என்பேன். இதில் என் மனைவிக்கு உடன்பாடில்லை.

3. கைடிடம் கேட்க வேண்டியவை

காகிதங்களில் மூன்று முக்கியம்: படகு ஓட்டும் உரிமம், படகின் பதிவு, பயணிகளையும் சேர்த்துக் காக்கும் காப்பீடு. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார். "அதெல்லாம் இருக்கு, வாங்க பார்த்துக்கலாம்" என்பவரிடம் நான் போக மாட்டேன்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். "குழந்தைகளுக்கு இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எடையைச் சொல்லிக் கேளுங்கள்: "பன்னிரண்டு கிலோ பையன், இருபத்தைந்து கிலோ பெண், இரண்டு பேருக்கும் பொருந்துவது இருக்கிறதா?" குழந்தை ஜாக்கெட் எடைக் கணக்கில்தான் வரும், வயதுக் கணக்கில் அல்ல. துறையில் மாட்டிப் பட்டைகளை இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் இரு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் முகவாய்க்கு மேலே ஏறிக் காதைத் தொட்டால் அது பெரியது. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே நழுவும், ஜாக்கெட் மேலே மிதக்கும்.

கழிப்பறை. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் அத்தை என்னோடு பேச மாட்டார். கரையோரப் படகுகளில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. நடுவில் கரைக்குக் கொண்டுவிட முடியுமா, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று வெளிப்படையாகக் கேட்டு வையுங்கள். நிழல்கூரை உண்டா என்பதையும் கூடவே கேளுங்கள். பல தட்டைப் படகுகளில் அதுவும் இருக்காது.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி, கைடை எடைபோட: "என் எட்டு வயது மகளை என்ன மீன் பிடிக்கவைப்பீர்கள்?" பரிசு வாங்கிய பெரிய மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் உங்களுக்கான ஆள் இல்லை. "தக்கை கட்டி, இறால் மாட்டி, சின்ன மீன் நிறைய கடிக்கிற இடத்தில் நிறுத்துவேன்" என்று சொல்பவர் பிள்ளைகளோடு பழகியவர்.

4. மீன்பிடி உரிமம்

இது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் புளோரிடாவில் உரிமம் உள்ள வாடகைப் படகில் போனால் அந்தப் படகின் உரிமமே பயணிகளுக்கும் போதும். தனியாக வாங்க வேண்டாம். அதே நாட்டில் டெக்சாஸில் கைடோடு போனாலும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் கடல் மீன்பிடிக்கான அனுமதியோடு சொந்த உரிமம் வைத்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பாதவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே போன முறை வேறு ஊரில் கேட்கவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். "உங்கள் உரிமம் எங்களுக்கும் செல்லுமா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தனியாக வாங்க வேண்டும் என்றால் அரசு மீன்வளத் துறையின் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது சில நேரம் இடைத்தரகர் தளம், கூடுதல் கட்டணம் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள், மூன்று நாள் உரிமம் என்று குறுகிய காலத்துக்கும் பல இடங்களில் கிடைக்கும். அடையாள அட்டையும் உரிமத்தின் நகலும் போனிலேயே இருக்கட்டும். தண்ணீரில் சிக்னல் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு முன்கூட்டியே சேமித்து வையுங்கள்.

5. பணம்

தனிப் பயணத்துக்கு வாடகை பெரும்பாலும் படகுக்குத்தான், தலைக்கு அல்ல. இரண்டு பேர் போனாலும் நான்கு பேர் போனாலும் ஏறக்குறைய ஒரே தொகை. தலைக்கு இவ்வளவு என்று குறைத்துச் சொன்னால் அது முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து போகும் பயணமாக இருக்கலாம். சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது வேண்டாம். உங்கள் பையன் அழ ஆரம்பித்ததும் படகைத் திருப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்காது.

சொன்ன தொகையில் எதெல்லாம் அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: எரிபொருள், உயிர் இரை, ஐஸ், உரிமம், மீன் வெட்டிக் கொடுக்கும் கூலி, வரி. எங்களுக்கு ஒரு முறை எரிபொருளும் மீன் வெட்டும் கூலியும் தனித்தனியாக வந்து, பேசியதைவிடக் கால் பங்கு கூடிவிட்டது. டிப்ஸ் எதிர்பார்க்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 15 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். அதையும் முதலிலேயே கணக்கில் வைத்துவிட்டால் கடைசியில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

முன்பணம் கட்டும் முன் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். வானிலை காரணமாகக் கைடு ரத்து செய்தால் பணம் முழுதும் திரும்புமா, வேறு தேதி மட்டும்தானா? நீங்கள் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முந்தின இரவு சொல்லி நாங்கள் ஒரு முறை முன்பணம் முழுவதையும் விட்டிருக்கிறோம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

6. எத்தனை மணி நேரம், எந்த நாள்

அரை நாள் என்றால் பொதுவாக நான்கு மணி நேரம். துறையை விட்டுக் கிளம்பியதிலிருந்து துறைக்குத் திரும்பும் வரை. ஓடுவதற்கும் இரை பிடிப்பதற்கும் அதிலேயே நேரம் போகும். முழு நாள் எட்டு மணி நேரம். கூட வருகிறவர்களில் யாருக்குப் பொறுமை மிகக் குறைவோ அவர்தான் நேரத்தை முடிவு செய்கிறார். பிள்ளைகள் இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். முழு நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவு குறையும், அந்தக் கணக்கில் மயங்கி நாங்கள் எட்டு மணி நேரம் எடுத்தோம். ஐந்தாவது மணி நேரத்தில் பையன் நங்கூரக் கயிற்றின் மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான். மகள் "எப்போ வீடு?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டாள். மீதி மூன்று மணி நேரம் நான் காசு கொடுத்து வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

தேதி பார்க்கும்போது ஓதத்தைப் பாருங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும். தண்ணீர் ஓடும்போதுதான் மீன் தின்னும். ஏறி முடித்தோ வற்றி முடித்தோ அசையாமல் நிற்கும் நேரத்தில் கடி குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே, அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தணிந்திருக்கும். இதையெல்லாம் நீங்கள் கணக்குப் போட வேண்டாம். "அந்த வாரத்தில் காலை வேளையில் தண்ணீர் ஓடுகிற நாள் எது?" என்று கைடிடம் கேட்டு, உங்கள் விடுமுறையை அதற்கு ஏற்றபடி ஒரு நாள் முன்பின் நகர்த்தினால் போதும். ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும், மீன் கிடைக்காது.

கிளம்பும் நேரம் அதிகாலை என்றால் சரி என்று சொல்லிவிடுங்கள். வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம், காற்றும் பெரும்பாலும் காலையில் குறைவு. காற்றின் வேகம் 15 நாட் (knot) அளவுக்கு மேல், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால், கைடு சரி என்றாலும் நீங்கள் தேதி மாற்றக் கேளுங்கள். அந்தக் காற்றில் படகு நகரும், ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

7. முந்தின நாள் இரவு

மிருதுவான ஒரு பை, அதற்குள் எல்லாம். பெட்டி, டிராலி எதுவும் வேண்டாம், வைக்க இடமில்லை. முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, படகின் தளத்தில் கறை படியாத வெளிர் நிற அடியுள்ள செருப்பு அல்லது ஷூ. பெரியவர்களுக்குத் தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். எண்ணெய் வடியாத, ஒரு கையால் சாப்பிடக்கூடிய உணவு.

கண்ணாடி எல்லாருக்கும் கட்டாயம், பிள்ளைகளுக்கும். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் தண்ணீரின் பளபளப்பு போய் அடியில் மீன் தெரியும் என்பது ஒரு பக்கம். பக்கத்தில் இருப்பவர் வீசும் தூண்டில் முள் கண்ணில் படாமல் தடுப்பதும் அதுதான். சன்ஸ்கிரீன் கிளம்ப அரை மணி முன்னால் ஒரு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. தடவிய பிறகு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு இரையைத் தொடுங்கள். வாந்தி மாத்திரை வேண்டும் என்றால் படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை. ஏறுவதற்கு ஒரு மணி முன்பே போட வேண்டும். பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நான்கு மணி நேரத்தில் பாதி தூங்கிவிடுவார்கள்.

துறைக்குச் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போய்விடுங்கள். நீங்கள் தாமதித்தாலும் திரும்பும் நேரம் மாறாது.

8. படகில்

முதல் ஐந்து நிமிடம் கைடு பாதுகாப்பைப் பற்றிச் சொல்வார். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: தீயணைப்பான் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே, அவருக்கே ஏதாவது ஆனால் யாரை எப்படிக் கூப்பிடுவது. பிள்ளைகளின் தூண்டில் முள்ளில் உள்ள எதிர்க்கொக்கியை, அதாவது மீன் கழன்றுவிடாமல் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு முனையை, குறட்டால் அமுக்கிவிடச் சொல்லுங்கள். அதனால் ஒன்றிரண்டு மீன் தப்பும். ஆனால் விரலில் தைத்தால் வந்த வழியே வெளியே வரும்.

வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கறாராகச் சொல்லிவிடுங்கள். மற்றதைக் கைடிடம் விட்டுவிடுங்கள். நான் விடவில்லை. மகள் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு முறை தலையாட்டியது. மூன்றாம் முறை சாய்ந்து, பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்து, பச்சைத் தண்ணீருக்குள் போனது. "இழு, இழு" என்று கத்தினேன். அவள் முழு பலத்தோடு இழுத்தாள். வெறும் முள் வந்தது, அதில் இறாலின் தலை மட்டும். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளை வெடுக்கென்று இழுக்கக் கூடாதாம். நரம்பு இறுகும் வரை நிதானமாக ரீலைச் சுற்றினால், முள் தானாகவே மீனின் வாயோரத்தில் திரும்பி மாட்டிக்கொள்ளும். கைடு இதை அவளிடம் சொல்லிவிட்டு, என்னை படகின் மறுமுனைக்குப் போய் உட்காரச் சொன்னார். அடுத்த கடியில் உள்ளங்கை நீளத்தில் ஒரு பாரைக்குட்டி வந்தது.

இடி கேட்டால் விவாதமே வேண்டாம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவு என்றால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. ராடை உடனே கீழே வையுங்கள், இப்போதைய ராடுகளில் இருக்கும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

9. பிள்ளைகள் தொடக்கூடாத மூன்று

கெளிறு: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று முள். குத்தினால் விஷம் கடுகடுக்கும். திருக்கை: வாலில் முள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள், சத்தத்துக்கு அது விலகிப் போகும். பேத்தை: பந்தாக உப்பும், பிள்ளைகளுக்கு வேடிக்கை, ஆனால் விரலைக் கடித்துத் துண்டாக்கும் பல் அதற்கு உண்டு, உடம்பில் உயிரைக் கொல்லும் நஞ்சும் உண்டு. திருப்பி விடுங்கள், சமைக்க நினைக்காதீர்கள்.

கெளிறோ திருக்கையோ கையிலோ காலிலோ குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை முக்கி வையுங்கள். வலி நன்றாகக் குறையும். குத்து வாங்காத கையால் சூட்டைச் சோதியுங்கள், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. இதற்காகவே ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோவோம். அப்புறம் மருத்துவரிடம் போய்விடுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ திருக்கை முள் ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்கு. கண்ணருகே தூண்டில் முள் தைத்தாலும் அப்படியே.

10. எந்த மீனை வைத்துக்கொள்ளலாம்?

ஒவ்வொரு மீனுக்கும் நீள வரம்பு, ஆளுக்கு இத்தனை என்ற எண்ணிக்கை, பிடிக்கக் கூடாத மாதங்கள் என்று விதி இருக்கும். சிறியதை விட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சில மீன்களில் மிகப் பெரியதையும் விட வேண்டும், அதில்தான் சண்டை வரும். கொடுவாய் ஆணாகப் பருவமடைந்து, பின்னால் பெண்ணாக மாறும் மீன். ஆக, பெரிய கொடுவாய் என்றால் முட்டையிடும் தாய் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். மைத்துனரின் முகம் வாடினாலும் விடத்தான் வேண்டும்.

நீளத்தை வால் நுனி வரை அளக்கிறார்களா, வால் பிளவு வரை அளக்கிறார்களா என்பதும் விதியில் இருக்கும். இரண்டுக்கும் சில சென்டிமீட்டர் வித்தியாசம், அபராதத்துக்கு அது போதும். விடப்போகும் மீனை ஈரக்கையால் பிடியுங்கள், துணியால் வேண்டாம், மேலே உள்ள வழவழப்பு போனால் நோய் பிடிக்கும். போட்டோ எடுக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது மீனைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

11. ஐஸ் பெட்டி

பிடித்த மீன் எல்லாம் உங்களுக்கா, ஒரு பங்கு கைடுக்கா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டிருக்க வேண்டும். மீனை வெறும் வாளியில் போட்டு வெயிலில் வைக்காதீர்கள். ஐஸும் கடல்நீரும் கலந்த சேற்றுக்குழம்பு போன்ற தண்ணீரில் மூழ்கவைத்தால், வெறும் ஐஸ் கட்டி மேல் கிடப்பதைவிடச் சீக்கிரம் குளிரும். படகிலேயே வெட்டிச் சுத்தம் செய்து தரச் சொல்லிக் கேட்காதீர்கள். நீளத்தை அதிகாரி சரிபார்க்க முடியாது என்பதால் பல இடங்களில் கரை சேரும் வரை முழு மீனாகவே இருக்க வேண்டும்.

துறையில் வெட்டும் மேசையில் கைடு கத்தியை எடுக்கும் முன் உங்களுக்கு எப்படி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் முள்ளும் தலையும் இல்லாத சதைத் துண்டாக்கி, மீதியைத் தண்ணீரில் வீசிவிடுவார்கள். எங்கள் தலைகள் எல்லாம் அப்படித்தான் போயின, அத்தை கையை நீட்டுவதற்குள். குழம்புத் துண்டாக வேண்டும், தலை வேண்டும், செதிள் மட்டும் எடுத்தால் போதும் என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள். இரண்டு பெரிய ஜிப் உறைகளும், காரில் வைக்க மூடியுள்ள பெட்டியும், இன்னொரு பை ஐஸும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் துறையில் இருக்கும் கடையில் இரட்டிப்பு விலைக்கு வாங்க வேண்டாம். பெட்டியின் அடியில் உள்ள வடிகால் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று காரில் ஏற்றும் முன் பாருங்கள்.